பதினெட்டுச் சாண் பல்கலைக்கழகம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் பிலோமினா அக்கா. என் சின்னவனுக்கு வேலை கிடைத்த வருடம், தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வேப்பமரத்தடியில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது சொன்னார். அக்கா அந்தக் கள்ளிக்கரைப் பல்கலைக்கழகத்தில் கூட்டிப் பெருக்கியவர். ஆணி அடித்தமாதிரி பேசுவாரே தவிர அளந்துவிடுகிற ஆளில்லை. கோயில் வாசலில் நின்று சொன்னதை நான் கேட்டபடியே சொல்கிறேன்.

கள்ளிக்கரை என்றால் பஸ் ஐந்து நிமிடம் நின்று போகிற ஒரு விலக்கு, ஒரு டீக்கடை, ஒரு வெல்டிங் பட்டறை, அதற்கப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் நிழலே இல்லாத பொட்டல். அங்கே ஒரு பல்கலைக்கழகம் வரட்டும் என்று சட்டம் போட்டார்கள், சட்டம் அரசிதழில் வந்தது, அரசிதழ் தாலுகா ஆபீசுக்கு வந்தது, தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து சர்வே நம்பர் நூற்றுப் பதினெட்டை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். அடுத்தது அடிக்கல். அமைச்சருக்கோ அன்றைக்கு ஒரே நாளில் பதினோரு ஊரில் பதினோரு அடிக்கல், அதனால் அவர் சென்னையில் உட்கார்ந்த இடத்திலேயே பொத்தானை அமுக்கினார், இங்கே பந்தலில் திரை தானாக விலகியது, பெஞ்சின் மேல் சாய்த்து வைத்திருந்த கறுப்புக் கல் பொன்னெழுத்தோடு பளபளத்தது, எல்லோரும் கைதட்டி லட்டு வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். கல்லை மண்ணில் நட வேண்டியது யார் என்பதில்தான் ஒரு சின்னக் குழப்பம். கட்டிடம் கட்டுகிறவர்கள் நிலம் கொடுத்தவர்கள் நடுவார்கள் என்று நினைத்தார்கள், நிலம் கொடுத்தவர்கள் விழா எடுத்தவர்கள் நடுவார்கள் என்று நினைத்தார்கள், விழா எடுத்தவர்கள் பொத்தானை அமுக்கினாலே நட்டதுதான் என்று நினைத்தார்கள். கோப்பில் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக, 'அடிக்கல் நாட்டப்பட்டது' என்று எழுதி ஐந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பந்தல்காரன் தன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும்போது கல்லைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டான்.

விழாவுக்கு இடம் கூட்டப் போனவள் பஞ்சவர்ணம். அவள் வீட்டுக்காரர் காத்தமுத்து ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர், பிள்ளை ஒன்றே ஒன்று, நாகஜோதி, அப்போது பத்தாவது முடித்திருந்தது. பஞ்சவர்ணம் அந்தக் கல்லை ஒரு வாரம் பார்த்தாள், ஒரு மாதம் பார்த்தாள், மாடு கழுநீர் குடித்துவிட்டு அதன்மேல் படுத்து எழுந்துபோவதையும் பார்த்தாள், தேடி ஒரு ஆளும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, பழைய இரும்பு வாங்குகிற கொழுந்தனின் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி, தண்ணீர்த் தொட்டியடியில் போட்டாள். நல்ல கல். துணி வழுக்காது, நீர் நிற்காது. அன்றிலிருந்து அவள் வீட்டுத் துணிக்கு ஒரு வெளுப்பு வந்தது.

இரண்டு வருடத்தில் கட்டிடம் எழும்பியது. மூன்று மாடி, ஒரே நீளமான கட்டிடம், வகுப்பும் ஆபீசும் எல்லாம் அதற்குள்ளேயே. துணைவேந்தராகக் கோமதிநாயகம் என்பவர் வந்தார், செடிகொடி படித்தவர், மெதுவாகப் பேசுவார். பதிவாளராக ஷாஜகான் சார் வந்தார், கக்கத்தில் ஒரு கோப்பு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இன்ன இன்ன துறை, நாலு துறை சேர்ந்தால் ஒரு புலம், எல்லாப் பாடத்துக்கும் ஒரு கல்விக்குழு, எல்லாவற்றுக்கும் மேலே ஆட்சிக்குழு என்று வீட்டில் மூத்தது இளையது வைப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்தார்கள். பஞ்சவர்ணத்துக்குக் கூட்டிப் பெருக்கவும் கூட்டத்துக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கவும் ஒப்பந்த வேலை கிடைத்தது. நாகஜோதிக்கு அங்கேயே கணிதத்தில், முதல் வருடத்து முதல் அணியில், இருநூற்றுப் பதினாலு பிள்ளைகளில் ஒருத்தியாக இடம் கிடைத்தது.

முதல் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் பதிவாளர் எழுந்து நின்று, "அடிக்கல் நாட்டப்பட்டு நிறுவப்பெற்ற இப்பல்கலைக்கழகத்தின்..." என்று குறிப்பை வாசிக்க ஆரம்பித்தபோது பஞ்சவர்ணம் டீத்தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு டம்ளரிலும் டீ ஒருசேர விளிம்பைத் தொட்டு நின்று, திரும்பிச் சமனானது. கூட்டம் முடிந்து இறங்கினால் கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. கட்டிடம் அவ்வளவு உயர்ந்திருந்தது. வாட்ச்மேன் படியடியில் விட்ட செருப்பை ஒரு சாண் குனிந்து போட்டுக்கொண்டு, "கவர்மெண்டு கட்டடம், கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும்" என்றார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம். கூட்டத்துக்கு ஒரு வாசிப்பு. வாசிப்புக்கு ஒரு சாண்.

இரண்டு சாண் இருக்கும்போது கோழிகள் கட்டிடத்துக்கு அடியில் போயின. மூன்று சாணில் ஆடுகள் போயின. நாலு சாண் ஆனபோது அடைக்கி என்கிற பெண்பிள்ளை, கடலை உடைக்கிற கூட்டத்துக்குத் தலைவி, வாயைத் திறந்தால் ஊர் திரும்பும், அவள் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, நம்ம பொறந்ததிலேருந்து இந்தப் பொட்டல்ல இம்புட்டு நெழல் பாத்ததில்லடி" என்று சொல்லி, பதினைந்து பேரையும் முறத்தோடும் சாக்கோடும் வரச் சொன்னாள். எட்டுச் சாணில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம் என்று ஆனதும் டீக்கடை இடம் மாறியது, ஒரு காதுகுத்து நடந்தது, சாயங்காலம் பிள்ளைகள் கபடி விளையாடினார்கள். பதினைந்தாம் சாணுக்கு அப்புறம் டவுன் பஸ்ஸே உள்ளே வந்து நின்று போனது. மழை பெய்தால் நாலு பக்கமும் தண்ணீர்த் திரை தொங்கும், நடுவில் ஊரே நனையாமல் உட்கார்ந்திருக்கும். பட்டறை செல்லையா ஒவ்வொரு கூட்டத்துக்கு மறுநாளும் இரும்பு ஏணியில் ஒரு படி பற்றவைப்பார், யாரும் சொல்லிவிட வேண்டியதில்லை, காலண்டரில் அவரே குறித்து வைத்திருந்தார்.

மேலே இருந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். மண்ணியல் துறைக்கு மண் எட்டாமல் போனதால் அந்தத் துறை மட்டும் கீழே வந்து ஆடுகளுக்குப் பக்கத்தில் கரும்பலகையைச் சாய்த்துக்கொண்டது. கட்டிடம் மிதக்கிறதே, இதை எந்தப் புலத்தின் பாடமாக வைப்பது என்று கல்விக்குழு இரண்டு நாள் பேசியது. இயற்பியல்காரர் எங்களுடையது என்றார், தமிழ்த்துறை அம்மா பழைய பாட்டுகளிலேயே தொங்குகிற கோட்டை உண்டு, அதனால் எங்களுடையது என்றார், கடைசியில் இதற்குப் பாடநூல் இல்லை, பாடநூல் இல்லாததை நடத்த விதியில் இடமில்லை என்று முடிவுசெய்து எல்லோரும் நிம்மதியாக ஏணியில் இறங்கிப் போனார்கள்.

ஆட்சிக்குழுதான் சிக்கலில் மாட்டியது. அதில் நாலு பேருக்கு முட்டிவலி. அவர்கள் ஏறாவிட்டால் தேவையான எண்ணிக்கை சேராது, எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டம் செல்லாது. அதனால் ஒன்பதாம் கூட்டத்திலிருந்து நாற்காலிகளைக் கீழே நிழலில் போட்டார்கள். அங்கே போட்டால் பத்தடியில் அடைக்கி. பல்கலைக்கழகம் காலை எட்டரைக்குத் தொடங்கும் என்று தீர்மானம் வாசித்த அன்றைக்கு, அவள் முறத்தைப் புடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "பஸ்ஸே ஒம்பது பத்துக்குத்தான் வருது. எட்டரைக்கு யாருக்குப் பாடம் நடத்துவீக, ஆட்டுக்கா?" என்றாள். வெளியூர் உறுப்பினர் ஒருவர் முகம் சுளித்தார். துணைவேந்தர் டீக்கடையில் நின்ற பஸ் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார், டிரைவர் ஆமாம் என்று தலையசைத்தார். தீர்மானம் ஒன்பதரை என்று திருத்தப்பட்டது. அதற்கப்புறம் எந்தத் தீர்மானமானாலும் வாசித்து முடித்ததும் பதிவாளர் ஒரு மூச்சு நிறுத்துவார், முறத்துச் சத்தம் தொடர்ந்தால் நிறைவேறியது, முறம் நின்றால் மறுபடியும் பேசுவார்கள். அப்படியே நிறையக் காரியம் நன்றாக நடந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வந்ததும் அப்படித்தான், மண்ணியலோடு கடலைச் சாகுபடியும் ஒரு பாடமாக வந்ததும் அப்படித்தான்.

பஞ்சவர்ணம் மட்டும் இதில் முழுசாகச் சந்தோசப்பட முடியாமல் இருந்தாள். டீ கொடுக்கிறவள் அவள், எந்த வார்த்தைக்கு டம்ளரில் டீ எழும்புகிறது என்று அவள் கண்ணுக்குத்தான் தெரியும். 'அடிக்கல் நாட்டப்பட்டு' என்று வாசிக்கும்போதெல்லாம் மேலே பெருமூச்சுபோல ஒரு சத்தம், ஒரு சாண் நிழல் மெலியும். வீட்டுக்குப் போய் அந்தக் கல்லின் மேலேயே மகளின் சுடிதாரை வைத்துக் கும்முவாள். சொன்னால் என்ன ஆகும் என்று நினைப்பாள். கவர்மெண்டு கல்லைத் திருடியவள் என்று வேலை போகும், கல் திருடியவள் மகள் என்று பிள்ளைக்குப் பெயர் வரும். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஊருக்கு நிழல் கிடைக்கும். அதனால் சொல்லாமல் இருந்தாள்.

மூன்றாம் வருடக் கடைசியில், பதினெட்டுச் சாண் ஆகியிருந்தபோது, அங்கீகாரம் கொடுக்கிற குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தப் பல்கலைக்கழகம் சர்வே நம்பர் நூற்றுப் பதினெட்டின் மேல் நிற்க வேண்டும் என்பது சட்டம், நிற்பதாகத் தெரியவில்லை, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்து அளப்போம், தரையைத் தொடாவிட்டால் முதல் அணி மாணவர்களுக்குப் பட்டம் வழங்க முடியாது என்று அதில் இருந்தது.

நாகஜோதி அன்றைக்கு மத்தியானம் வந்து பையைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"பி.எட். சீட்டுக்குப் பணங்கட்டச் சொல்லி லெட்டர் வந்திருக்கும்மா. டிகிரி இல்லன்னா அது செல்லாது. வேற காலேஜில மொத வருசத்திலேருந்து படிக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"பதிவாளர் சாரே சொன்னாரு. சொல்லிட்டு அவரே கண்ணாடியத் தொடைச்சாரு." கொஞ்சநேரம் கழித்து, "மூணு வருசம்மா" என்றாள்.

பஞ்சவர்ணம் தொட்டியடிக்குப் போய்க் கல்லைப் பார்த்தாள். துணி கும்மிக் கும்மி நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. அவள் தன் காளியாத்தாளைக் கூப்பிட்டாள். அவள் கும்பிடுகிற சாமி வேறு, நாம் கும்பிடுகிற சாமி வேறு, ஆனால் பிள்ளைக்காகக் கூப்பிடுகிற கூப்பாடு எல்லாத் தாய்க்கும் ஒரே வழியாகத்தான் மேலே போகும் என்று பிலோமினா அக்கா சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம். நிழலில் நாற்காலி போட்டாயிற்று. ஏணியில் படிக்குப் படியும், இடம் போதாமல் அதைச் சுற்றித் தரையிலும் இருநூற்றுப் பதினாலு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். முறங்கள் எல்லாம் அமைதியாக இருந்தன. ஷாஜகான் சார் கோப்பைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். பஞ்சவர்ணம் டீத்தட்டை அப்படியே தரையில் வைத்தாள்.

"அய்யா, அந்த வரிய வாசிச்சுராதீக."

பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்த வரிம்மா?"

"அடிக்கல்லு நட்டாச்சுங்கிற வரிய. நீங்க வாசிக்கிறப்பல்லாம்தான் ஒரு சாண் ஏறுது. அந்தக் கல்ல நடவே இல்ல. எங்க வீட்டுத் தொட்டியடியில கெடக்கு. அஞ்சு வருசமா அதுலதான் துணி தொவைக்கிறேன்."

பதிவாளர் கோப்பில் பக்கம் புரட்டினார். "இதில நட்டாச்சுன்னு இருக்கே. அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"போட்டவுக போட்டுட்டுப் போய்ட்டாகய்யா. கல்லு சோப்பு நொரையில கெடக்கு."

அடைக்கி முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு முடியவில்லை. "அடி பாதகத்தி, அஞ்சு வருசமா யூனிவர்சிட்டியவே போட்டுக் கும்மிக்கிட்டு இருந்தியாடி?"

வெளியூர் உறுப்பினர் சட்டம் படித்தவர். அவர் சிரிக்கவில்லை. "இது அரசுச் சொத்து. போலீஸில் புகார் கொடுத்தாக வேண்டும்" என்றார்.

பஞ்சவர்ணம் ஏணியைப் பார்க்கவில்லை. பார்த்தால் மகள் முகம் தெரியும்.

ஷாஜகான் சார் நிதானமாக உட்கார்ந்தார். "கொடுக்கலாம் சார். கல்லைக் காணோம்னு புகார் எழுதணும்னா, முதல்ல கல்லை நடலைன்னு எழுதணும். அப்படி எழுதினா அஞ்சு ஆபீஸ் பதில் சொல்லணும். நட்டதுதான்னு சொன்னா, கல்லு மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு, இந்தம்மா வீட்டில இருக்கிறது ஏதோ ஒரு கல்லு. எப்படி எழுதட்டும், சொல்லுங்க." அந்த உறுப்பினர் யோசித்துப் பார்த்தார், தரையில் இருந்த தட்டிலிருந்து ஒரு டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

துணைவேந்தர் இவ்வளவு நேரமும் மேலே தொங்குகிற கட்டிடத்தின் அடிவயிற்றையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பதினெட்டுத் தடவை அந்த வரியைக் கேட்டிருக்கேன்ம்மா" என்றார். "ஒரு தடவைகூட, அந்தக் கல்லு எங்கேன்னு எழுந்துபோய்ப் பாக்கத் தோணலை. நீங்க எடுத்தது தப்புன்னா, நாங்க தேடாதது அதைவிடத் தப்பு. கல்லைக் கொண்டுவாங்க."

அப்போது ஏணியிலிருந்து நாகஜோதி இறங்கி வந்தாள். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வந்து அம்மா பக்கத்தில் நின்று, "எனக்குத் தெரியாம ஒரு பல்கலைக்கழகத்தையே வீட்டில வச்சிருந்தியாம்மா" என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியவில்லை, ஆனால் தோளில் வந்து பட்ட கை மகளுடைய கைதான், அது தெரிந்தது.

முறம் ஒன்று தட்டப்பட்டது. அடைக்கி எழுந்து நின்றிருந்தாள். "எல்லாஞ் செரி. இது கீழ எறங்கிருச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போறது?"

நியாயமான கேள்வி என்பதால் அதற்கே ஒரு மணிநேரம் பிடித்தது. கடைசியில் மூன்று வரியில் தீர்மானம் எழுதினார்கள்: கிழக்குத் தாழ்வாரம் முழுவதும் நிழலில் இருந்தவர்களுக்கு. ஆட்சிக்குழு இனி என்றைக்கும் அந்தத் தாழ்வாரத்தில்தான், முறத்துச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் கூடும். மாடியில் எடுத்த தீர்மானம் செல்லாது. வாசித்து முடித்துப் பதிவாளர் மூச்சை நிறுத்தினார். அடைக்கி உட்கார்ந்து கடலையை உடைக்கத் தொடங்கினாள்.

புதன்கிழமை விடிந்ததும் தாயும் மகளும் கல்லை நிமிர்த்தித் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். எழுத்துப் பக்கம் புதுசு கெடாமல் இருந்தது. கொழுந்தனின் அதே தள்ளுவண்டியில் ஏற்றி, ஊர் கூடத் தள்ளிக்கொண்டு போனார்கள். யார் நடுவது என்று கேள்வி வந்தது. வேந்தரிடம் தேதி கேட்டால் ஆறு மாதம் ஆகும், அமைச்சருக்கு எழுதினால் திரும்பவும் பொத்தான்தான் வரும். "கையில மண்ணு படணும், அதுதான் கணக்கு" என்றார் செடிகொடி படித்த துணைவேந்தர். அதனால் பஞ்சவர்ணம் நட்டாள். ஈசானி மூலையில் குழி தோண்டி, நவதானியம் போட்டு, பால் ஊற்றி, ஒரு கை மண்ணை அவள் முதலில் தள்ள, அப்புறம் மகள், அப்புறம் அடைக்கி, அப்புறம் துணைவேந்தர், அப்புறம் இருநூற்றுப் பதிமூன்று பிள்ளைகள் வரிசையாக வந்து தள்ளினார்கள்.

ஆடு, கோழி, டீக்கடை, கரும்பலகை எல்லாம் வெளியே வந்தாயிற்று என்று வாட்ச்மேன் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துச் சொன்னார். ஷாஜகான் சார் கோப்பைத் திறந்தார். "இன்று, புதன்கிழமை, காலை எட்டு ஐம்பதுக்கு, பஞ்சவர்ணம் என்பவரால் அடிக்கல் நாட்டப்பட்டு நிறுவப்பெற்ற இப்பல்கலைக்கழகத்தின்..." என்று வாசித்தார். கட்டிடம், முட்டையின்மேல் கோழி உட்காருவதுபோல, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் அசைந்து, சிறகை ஒதுக்கி இடம் பார்த்து, இறங்கி உட்கார்ந்தது. ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை. தூசி அடங்கியபோது ஒன்பது பத்து பஸ் விலக்கில் வந்து நின்றது, பிள்ளைகள் படியேறி வகுப்புக்குப் போனார்கள், ஏணி தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர், ஒரு டேப். சுவரடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார்கள், நுழையவில்லை. 'பொருந்துகிறது' என்று எழுதிவிட்டு, தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கை பச்சைக்கடலை தின்றுவிட்டுப் போனார்கள். ஆனி மாதம் பட்டமளிப்பு. நாகஜோதியின் பெயரை வாசித்தபோது பஞ்சவர்ணம் டீத்தட்டோடுதான் நின்றாள். டம்ளரில் டீ அசையவே இல்லை.

ஒன்றே ஒன்று மிச்சம். ஐந்து வருடம் தினமும் தண்ணீரில் கிடந்து பழகிய கல் அது. கோடையில் மண் காய்ந்தால் அந்த ஈசானி மூலை மட்டும் ஒரு விரற்கடை எழும்பும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் உடனே உட்கார்ந்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் பஞ்சவர்ணம்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அவள், டீச்சராக இருக்கிற மகளின் பிரசவத்துக்காக மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், திரும்ப மூன்று மாதம் ஆகும். பிலோமினா அக்காவுக்கும் முட்டி முடியாமல் போய்விட்டது. பிள்ளைகளுக்கும் லீவு.

நீங்கள் எப்போதாவது அந்த வழியாகப் போனால், விலக்கில் பஸ் ஐந்து நிமிடம் நிற்கும். இறங்கினால் வாசலுக்கு இடதுபக்கம் குழாய் இருக்கிறது, சங்கிலி போட்டு ஒரு சொம்பும் இருக்கிறது. அந்தக் கல்லின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுங்கள்.